காப்பு உரசிய இடம்

பழைய பேஸ் கிடாருக்குப் புதிதைவிட அதிக விலை கொடுக்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். கேட்பவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த மனுசன் ஒரு காலத்தில் வாசித்தவராயிற்றே, இவரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார் என்று நினைத்துக் கேட்கிறார்கள். கொடுக்கலாம் என்று சொன்னால் என் வயிறு எரிகிறது. கொடுக்கக் கூடாது என்று சொன்னால் அது பச்சைப் பொய். அதனால், "உங்க இஷ்டம்போல செய்யுங்கப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். இன்றைக்கு எழுந்து போகாமல் சொல்லித் தொலைக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் நான் ஃபிட்டராக இருந்தேன். பெல்ட் அறுந்தால் மாட்டுவது, ரோலருக்குக் கிரீஸ் வைப்பது, டிரையர் நின்றுபோனால் ஃபேக்டரியை நடத்துகிற டீமேக்கரிடம் திட்டு வாங்குவது, இவைதான் என் வேலை. திங்கட்கிழமைதோறும் மேட்டில் இருந்த துரைமார் கிளப்புக்குப் போய், அங்கே இருந்த ஜெனரேட்டரையும் தண்ணீர் மோட்டாரையும் பார்த்துவிட்டு வர வேண்டும். திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. பட்லர் மட்டும்தான் இருப்பார். எங்களைப் போல அவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். பெரிய மீசை, சின்னக் குரல்.

அந்தக் கிளப்பின் ஹாலில், விறகு எரிக்கிற கணப்புக்குப் பக்கத்தில், ஒரு பேஸ் கிடார் சுவரில் சாய்ந்து நின்றது. கல்யாண வீட்டில் பார்க்கிற ஆறு கம்பிக் கிடார் இல்லை. நாலே கம்பி, ஒவ்வொன்றும் மாட்டுக் கயிறுபோலத் தடிமன். கழுத்து நீளம். பாட்டுக்கு அடியில் கும்மென்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்குமே, அது இதிலிருந்து வருவது. ஓடும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள், நின்றுபோனால்தான் பாட்டு ஏன் இப்படி வெறிச்சென்று ஆகிவிட்டது என்று திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு சின்னத் துரை அமெரிக்காவில் செய்ததை வாங்கிக் கொண்டுவந்து, சீமைக்குத் திரும்பும்போது தூக்கிச் சுமக்கச் சலித்துக்கொண்டு கிளப்புக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார். "சனிக்கிழமை நாலு பாட்டு வாசிப்பாருலே. அதுக்குள்ள கிளாஸ் காலியாயிரும், இத மூலையில போட்டுட்டு பாருக்குப் போயிருவாரு" என்று பட்லர் சொல்வார்.

நான் அதைத் தொட்டது பட்லர் தயவில். தொடக் கூடாது என்பது சட்டம். கிளப்பில் தோட்டத்து ஆள் எதையும் தொடக் கூடாது. சோபாவில் உட்கார்ந்து பார்த்ததற்காகக் காவலுக்கு இருந்த ஒரு வாச்சரை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார்கள். பட்லருக்கு வேலை போனால் கிளப்புக்குப் பின்னால் இருந்த வீடும் போகும். அவ்வளவும் தெரிந்துதான், "ஏலே, கைய நல்லாக் கழுவிட்டு எடு, மோட்டார் ஓடுற வரைக்குந்தான்" என்று அவர் விட்டார். நான் என்ன செய்வேன், தண்ணீர்த் தொட்டி நிறைந்த பிறகும் மோட்டாரை ஓடவிடுவேன். அந்தச் சத்தத்தில் கிடார் வெளியே கேட்காது. கரண்டில் மாட்டாமலேதான் பெரும்பாலும் வாசித்தேன். கிடாரின் மேல்விளிம்பில் காதை ஒட்டி வைத்துக்கொண்டால் மரத்துக்குள் ஓடும் சத்தம் பல்லில் வந்து கேட்கும். ரேடியோவில் கேட்ட பாட்டுகளின் அடிச்சத்தத்தை அப்படித்தான் பிடித்தேன். துரை பிளாஸ்டிக் துண்டால் தட்டி வாசித்தவர். எனக்கு விரல்தான் வந்தது. வலது கை முழுவதும் கிடாரின் மேல் படிந்து கிடக்கும். பழனிக்கு நேர்ந்துகொண்டு போட்ட செம்புக் காப்பு அந்தக் கையில் இருந்தது. நேர்த்திக்கடன் முடிந்தும் நான் அதைக் கழற்றவில்லை. மேல்விளிம்பில் காப்பு உரசி உரசி, வருசக்கணக்கில் பெயிண்ட் போய், உள்ளங்கை அகலத்துக்கு மரம் தெரிந்தது. பட்லர் துடைக்கும்போது அதைப் பார்த்து, "சரியான தேய்ப்புலே உனக்கு" என்பார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அதற்குத் தலைவர் டீமேக்கர். அக்கார்டியன் வாசிப்பார். ஃபேக்டரியில் எப்படியோ அப்படியேதான் குழுவிலும், அவர் சொன்னதுதான் முடிவு. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் எல்லோரும் பணம் போட்டு, அவர் கோயம்புத்தூர் போய் ஒரு புது பேஸ் கிடார் வாங்கி வந்தார். சிவப்புப் பெயிண்ட் முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. என் மனைவி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கம்பி நாலுதான இருக்கு? ஆறு கம்பி கிடார விட இது எதுக்குங்க வெல கூட? ரெண்டு கம்பி கொறஞ்சா வெலையும்ல கொறையணும்?" என்று கேட்டாள். அவள் கொழுந்து எடுப்பவள். எடைக்கு எடை கூலி வாங்குகிறவளுக்கு அந்தக் கணக்குதான் நியாயமாகப் பட்டது. குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

வாசித்துப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. காலி வாளியைத் தட்டியதுபோல் தொம் தொம் என்று சத்தம். கம்பியை விட்ட உடனே செத்துப்போகும். கிளப்பில் இருந்ததில் ஒரு தடவை மீட்டினால் ஜன்னல் கண்ணாடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பும். நான் டீமேக்கரிடம் மெல்லச் சொன்னேன். "ஐயா, மரம் இன்னும் காயல போல இருக்குங்கய்யா. பச்சை மரத்துல செஞ்சிருக்கான்." அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "புதுசுன்னா அப்படித்தாண்டா இருக்கும். வாசிச்சா சரியாயிரும். பழசத் தொட்டுப் பாத்தவன் மாதிரிப் பேசாத" என்றார். தொட்டுப் பார்த்தவன்தான் என்று சொல்ல முடியுமா?

ஆனாலும் அந்த வாளியை வைத்துக்கொண்டே திருவிழாவில் வாசித்தேன். கச்சேரி முடிந்ததும் போடியிலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்தார். கீழே போடியில் கச்சேரிக் குழு நடத்துகிறவர். "கிடார் சரியில்ல, கை நல்லாருக்கு" என்றார். ஆவணியில் கல்யாண சீசன் தொடங்குகிறது, சொந்தக் கிடாரோடு வந்தால் என்னைச் சேர்த்துக்கொள்வதாகவும், வருசம் முழுக்கக் கச்சேரி இருப்பதாகவும் சொன்னார். கிடார் கையில் இல்லையென்றால் இன்னொரு பையனைப் பேசி வைத்திருக்கிறாராம், அவனிடம் சொந்தமாக இருக்கிறதாம். அந்த இடத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

போடி என் மனைவியின் பிறந்த ஊர். அன்றைக்குத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் அவள் சாப்பிடவே இல்லை, பேசிக்கொண்டே இருந்தாள். அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்க்கலாம், அங்கே வெயில் அடிக்கும், துணி காயும், காலில் அட்டை கடிக்காது, மழையில் கூடையைச் சுமந்து மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏறி இறங்க வேண்டாம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் இதையெல்லாம் மனசுக்குள் வைத்திருந்தாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "எப்படியாச்சும் ஒரு கிடார் வாங்கிருங்க" என்றாள். நாலு கம்பியா ஆறு கம்பியா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

குழுவின் சிவப்புக் கிடாரையே நான் வாங்கிக்கொள்வதாகக் கேட்டேன். ஆடி முடியட்டும், மாசாமாசம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கொடுத்துவிடலாம் என்று டீமேக்கர் ஒத்துக்கொண்டார். வாளியோ குடமோ, போடிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற நிலைமையில் இருந்தேன். அதற்குள் வட்டவடையில் ஒரு வீட்டு விசேசத்துக்கு வாசிக்கப் போனோம். திரும்பும்போது ஜீப்பில் பூண்டு மூட்டைக்கும் முட்டைக்கோஸ் மூட்டைக்கும் நடுவில் கிடாரைப் படுக்க வைத்திருந்தார்கள். வழியெல்லாம் மழை. படுதா கிழிசல். வீட்டுக்கு வந்து உறையைத் திறந்தால் மரம் ஊறிப்போயிருக்கிறது. எந்தக் கம்பியைத் தொட்டாலும் ஜிர்ரென்று உரசுகிறது.

இங்கேதான் எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களாக நடந்துகொண்டார்கள். எங்கள் தோட்டத்தில் மழைக்காலத்தில் எது நனைந்தாலும் அது வாட்டுகிற மாடிக்குத்தான் போகும். கொழுந்தை வலையில் பரப்பி, கீழேயிருந்து சூட்டுக் காற்றை அடித்து வாடவிடுகிற மாடி அது. பள்ளிக்கூட யூனிபாரம், கம்பளி, குழந்தை மெத்தை, அப்பளம் வரைக்கும் மேனேஜர் கண்ணில் படாமல் அங்கே காய்ந்திருக்கின்றன. டீமேக்கர் கிடாரைப் பார்த்தார். "மாடியில போடு. காலையில கரகரன்னு காஞ்சிரும்" என்றார். நான் கெஞ்சினேன். "ஐயா, வேண்டாம்யா. துணியில சுத்தி அடுப்படியில கொஞ்ச நாள் வச்சிருவோம், தன்னால காயட்டும்." அவர் கேட்டால்தானே! "எனக்கே வாட்டுறதப் பத்திச் சொல்லிக் குடுக்கிறியா?" என்றார்.

அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கொழுந்தை அவசரப்பட்டு வாட்டினால் தேயிலை கெட்டுப்போகும் என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிற மனுசன். காற்றைக் கொஞ்சம் கூட்டிவைத்த ஆளை அடிக்கப் போனவர். மரம் என்றதும் அந்த அறிவெல்லாம் எங்கே போயிற்று? காலையில் போய்ப் பார்த்தால் கழுத்து வில்லாக வளைந்து, உடம்போடு ஒட்டின இடத்தில் பிளந்து நின்றது. சிவப்புப் பெயிண்ட் பாளம் பாளமாக வெடித்திருந்தது. டீமேக்கர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோயம்புத்தூர்க்காரன் ஏமாத்திட்டான்" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கிளப்புக் கிடாரும் அதே மலையில், அதே மழையில்தான் இருந்தது. ஆனால் அதை யாரும் ஒரே ராத்திரியில் காய வைக்கவில்லை. வருசக்கணக்கில் சாயங்காலம் சாயங்காலம் கணப்பில் விறகு எரிந்தது, மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தது, பட்லர் துடைத்தார், நான் வாசித்தேன். அதனால் அதன் கழுத்து நூல் பிடித்தமாதிரி நின்றது. பழசு உசத்தியா என்று கேட்டால் உசத்திதான். இரண்டையும் கையில் பிடித்தவன் நான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. விலை என்று வரும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

துரைமார் ஒவ்வொருவராக ஊருக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கிளப்பில் வேண்டாத சாமான்களை விற்கப் போவதாகக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில் சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்து மேனேஜர்தான் கிளப்புக்குச் செக்ரட்டரி, மலையாளி. நல்ல மனுசன் என்றே சொல்ல வேண்டும். நான் போய்த் தயங்கித் தயங்கிக் கிடாரைப் பற்றிக் கேட்டதும், "அந்தப் பழைய சாதனமா? அது சும்மா கிடக்குது. நீ எடுத்துக்கோ" என்று ஒரு விலை சொன்னார். கோயம்புத்தூர்ப் புதுசின் விலைதான். என் மனைவி சீட்டை எடுத்தாள், மீதிக்கு நான் ஃபேக்டரியில் முன்பணம் வாங்கினேன். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்.

திங்கட்கிழமை நல்ல சட்டை போட்டு, அதற்குமேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு போனேன். கிளப்பு வாசலில் ஒரு கார் நின்றது. ஹாலில் எர்ணாகுளத்துக்காரர் ஒருவர் என் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கிடார் என்றுதான் வாயில் வருகிறது, என்ன செய்ய. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல் கட்டுகிறாராம். அதன் ஹாலில் மாட்டி வைக்கப் பழைய சாமான் தேடித் தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிறாராம். செக்ரட்டரி என்னைப் பார்த்து, "எடோ, நீயும் வந்தோ? கொஞ்சம் நில்லு" என்றார். நின்றேன். பட்லர் ஓரத்தில் டீத் தட்டோடு நின்றார்.

எர்ணாகுளத்துக்காரர் கம்பியைத் தொடவே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்விளிம்பில் மரம் தெரிந்த இடத்துக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது கண்டோ சாரே? இவிடெ பெயிண்ட் போயிருக்குது. சாயிப்போட வாட்ச் உரசின இடமாக்கும். இவ்வளவு தேயணும்னா மனுஷன் எத்தனை காலம் வாசிச்சிருக்கணும்! இதுதான் சாரே இதோட விலை. புதுசா பளபளன்னு இருந்தா எனக்கு வேண்டாம்" என்றார். செக்ரட்டரி சொல்லியிருந்ததைப்போல் இரண்டு மடங்கு தருவதாக அவரே சொன்னார்.

எனக்கு மண்டை கொதித்தது. எந்த வெள்ளைக்காரத் துரை ஐயா வலது கையில் வாட்ச் கட்டுகிறான்? அந்த ஆள் வாசித்ததே சனிக்கிழமைக்கு நாலு பாட்டு. அது நான் உரசிய இடம். என் காப்பு, என் கை. நான் தேய்த்த தேய்ப்புக்கு விலை ஏற்றி, அந்த விலையை வைத்தே என்னை வெளியே தள்ளுகிறீர்களே! வாய் வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தேவிட்டேன். அப்போது பட்லர் கையில் இருந்த தட்டை டக்கென்று மேஜையில் வைத்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வலது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை தவறாமல் ஒரு ஃபிட்டரைக் கிளப்பு ஹாலில் உட்கார வைத்து வாசிக்க விட்டவர் யார் என்ற கேள்வி, நான் பேசிய அடுத்த நிமிசம் வரும். நான் ஸ்வெட்டர் கையை இழுத்துக் காப்பை மூடிக்கொண்டேன்.

"அந்த விலை நீ தருவியோ?" என்று செக்ரட்டரி கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, முறைக்குக் கேட்டார். "முடியாதுங்க சார்" என்றேன். "அப்போ ஒரு உபகாரம் செய்யி. இதை எடுத்து அவரோட கார்ல வை."

எடுத்தேன். கையில் எடுத்ததும் வலது கை தன்னால் போய் அதன் இடத்தில் படிந்தது. ஸ்வெட்டர் மேலே ஏறிக்கொண்டது. எர்ணாகுளத்துக்காரர் பதறிப்போய் ஓடி வந்தார். "பதுக்கெ, மெல்ல மெல்ல! கையில என்ன, வளையோ? அதைக் கழற்றிட்டு எடுப்பா. ஸ்க்ராட்ச் விழுந்தா என் காசு போச்சு." பிறகு பட்லர் பக்கம் திரும்பி, "இத்தனை வருஷமா யாரையும் தொட விடாம வச்சிருந்தீங்களே, நிங்களைப் பாராட்டணும்" என்றார்.

காப்பு லேசில் வரவில்லை. பழனியில் போட்டதிலிருந்து கழற்றியதே இல்லை, கை பருத்துப்போயிருந்தது. தோல் வழன்றது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவர் கொடுத்த வெள்ளைத் துணியால் சுற்றிக் கிடாரைக் கொண்டுபோய்ப் பின் சீட்டில் படுக்க வைத்தேன். கார் வளைவில் இறங்கும் வரைக்கும் பட்லர் என் பின்னால் நின்றிருந்தார். "ஒரு டீ குடிச்சிட்டுப் போலே" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. ஆனாலும் டீ இறங்குகிற நிலைமையில் நான் இல்லை, மோட்டாரைக்கூடப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

லயத்து வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். நான் வெறுங்கையோடு வருவது தூரத்திலேயே தெரிந்திருக்கும். கிடார் எங்கே என்று அவள் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்து, "காப்பு எங்கங்க?" என்று கேட்டாள். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவள் அதை வாங்கி முந்தானையில் துடைத்து, என் கையில் திரும்ப மாட்டிவிட்டாள். மறுநாள் காலையில் மழை. கூடையை எடுத்துக்கொண்டு, காலில் அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர் தேய்த்துக்கொண்டு, அவள் மஸ்டருக்குப் போனாள்.